காணும் முன் அறிதல்

அழகிய இடங்களைக் காண விழைவது மனித இயல்பு. ஆனால், ஒரு மண்ணைக் காணச் செல்லும்முன் அதன் வரலாற்றை அறிந்துகொள்வது நமது கடமையாகுமா? பணம் கொடுத்து இளைப்பாறித் திரும்புகிறோம். இதில் அறத்திற்கு என்ன வேலை என்று கேட்போர் உண்டு. மொரீஷியஸ் தீவை முன்வைத்து இவ்வினாவைச் சற்றே சிந்திப்போம்.

மடகாஸ்கருக்குக் கிழக்கே, இந்தியப் பெருங்கடலில் அமைந்த இத்தீவை விளம்பரங்கள் வெண்மணலும் நீலக்கடலுமாகவே காட்டுகின்றன. தென்மேற்கு முனையில் கடலோரம் நிமிர்ந்து நிற்கும் லெ மோர்ன் மலை அப்படங்களில் அடிக்கடி இடம்பெறும். தப்பியோடிய அடிமைகள் மறைந்து வாழ்ந்த மலை அது. 1835 பிப்ரவரி 1 அன்று அங்கு அடிமை முறை ஒழிந்தது. விடுதலைச் செய்தியோடு வந்தவர்களைத் தங்களைச் சிறைபிடிக்க வருவோர் எனக் கருதி, பலர் பாறையினின்று குதித்து மாண்டனர் என்பது அம்மக்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. இதை அறிந்தவரும் அறியாதவரும் காண்பது ஒரே மலையையா?

அடிமைகளுக்குப் பதிலாகக் கரும்புத் தோட்டங்களில் உழைக்க 1834 முதல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் கொண்டுவரப்பட்டனர். ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர் அவ்வாறு வந்தனர். போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் அவர்கள் வந்திறங்கிய ஆப்பிரவாசி காட் 2006ஆம் ஆண்டு உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. வந்தவர்களுள் தமிழரும் உண்டு. அந்நாட்டுப் பணத்தாளில் தமிழ் எழுத்துகளைக் காணும்போது நம் நெஞ்சம் பூரிக்கிறது. எனினும், நம்மவரை மட்டும் தேடிக் கண்டு மகிழ்வது நம்மையே நாம் பார்த்துக்கொள்வதாகும். லெ மோர்ன் மலையில் மறைந்தவர்கள் நம் உறவினர் அல்லர். அவர்களது துயரமும் நமக்கு உரியதாகும்போதுதான் அறிதல் அறமாகிறது.

முன்னரே அறிந்து செல்வது முன்முடிவுக்கு இடந்தராதா என்று வினவலாம். நியாயமான ஐயமே. நான்கு நூல்களைப் படித்துவிட்டு நீதிபதிபோல் நுழைபவரும் உளர். இங்கு அருளாளர் ஜாக் தெசிரே லவால் நமக்குத் துணைவருகிறார். மருத்துவராயிருந்து குருவான அவர், 1841இல் பிரான்சிலிருந்து அத்தீவிற்கு வந்தார். விடுதலை பெற்றும் மதிப்பாரின்றிக் கிடந்த மக்களிடையே பணியாற்ற, அவர்கள் பேசிய கிரியோல் மொழியைக் கற்றார். உயர்ந்தோர் ஏளனம் செய்த மொழி அது. அம்மொழியைக் கற்றதனால் அவர் அவர்களுக்குச் செவிகொடுக்கவும் அவர்களோடு உரையாடவும் முடிந்தது. 1864இல் மறைந்த அவரை, 1979இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அருளாளர் நிலைக்கு உயர்த்தினார். செந்த் குருவா என்னுமிடத்திலுள்ள அவரது கல்லறையை இன்றும் பல சமயத்தாரும் நாடி வருகின்றனர்.

அறிவு நம்மைப் பேச வைப்பதற்கு முன் கேட்க வைக்க வேண்டும் என்பதே அவர் வாழ்வு தரும் விடை. சில நாள் விருந்தினராகச் செல்லும் நமக்கு ஒரு மொழியைக் கற்க நேரமிராது. ஆயினும், விடுதியில் நமக்கு உணவு பரிமாறுபவரின் முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ எவ்வாறு கொண்டுவரப்பட்டனர் என்பதை அறிய ஒரு மாலைப்பொழுது போதும். அதை அறிந்தவர் அவரைப் பணியாளராக மட்டும் காணமாட்டார். பெயர் கேட்பார், நன்றி சொல்வார், அவர் சொல்ல விரும்பினால் அமர்ந்து கேட்பார். பயணப் பெட்டியைக் கட்டும்முன் இந்த ஆயத்தத்தையும் நாம் செய்துகொள்வோமாக.