கோவணமும் கத்திரியும்

திருவண்ணாமலைத் தேரடித் தெருவில் காடாவோ மல்லோ வாங்கப் போகிறவர்கள், கடைக்காரர் அளவு கண்ட இடத்தில் கத்திரி நுனியால் துணியின் கரையில் ஒரு சிறு வெட்டு மட்டும் கொடுத்துவிட்டு, பிறகு இரு கைகளாலும் பற்றி ஒரே இழுப்பில் கிழித்துத் தருவதைப் பார்த்திருக்கக்கூடும். பழகாத கண்ணுக்கு இது முரட்டுத்தனமாகத் தோன்றும். ஆனால் அந்தக் கிழிசல் ஊடை இழை ஒன்றைப் பற்றிக்கொண்டு, ஒரு கரையிலிருந்து மறுகரை வரையில் பிறழாமல் ஓடுகிறது. கத்திரியோ, பிடித்த கை சாய்ந்தால் தானும் சாய்ந்துவிடும். கிழிசலில் தெரிவது நெசவு. வெட்டில் தெரிவது வெட்டுகிறவனுடைய சங்கற்பம். இந்த வேற்றுமை துறவு என்னும் பழைய பிரச்சினைக்கும் பொருந்துமோ என்ற எண்ணம் இவ்வூரில் எழுவது இயல்பே.

1896-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் தேதி இங்கு வந்து சேர்ந்த பதினாறு வயது வேங்கடராமன், பின்னாளில் ரமண மகரிஷி என்று உலகம் அறிந்தவர், அருணாசலேசுவரர் சந்நிதியில் நின்று வந்த பின், அய்யங்குளத்துப் படிக்கட்டில், எஞ்சியிருந்த மூன்றரை ரூபாயையும், வழியில் கீழூர் முத்துக்கிருஷ்ண பாகவதர் வீட்டில் கொடுத்தனுப்பிய பலகாரப் பொட்டலத்தையும், பூணூலையும் எறிந்துவிட்டு, உடுத்தியிருந்த வேட்டியைக் கிழித்து, கோவணத்துக்கு வேண்டிய துண்டை மட்டும் வைத்துக்கொண்டு மிகுதியை விட்டார். குருவும் ஹோமமும் காஷாயமும் இல்லாத இதைச் சந்நியாசம் என்பதா என்று சாஸ்திரம் அறிந்தவர்கள் கேட்கலாம்.

ஜாபால உபநிஷத்து, பிரம்மசரியம், இல்லறம், வானப்பிரஸ்தம் என்று படிப்படியாகக் கடந்து துறக்கும் வழியைச் சொல்லி, வைராக்கியம் எழுந்த அன்றே புறப்பட்டுவிடலாம் என்ற வழியையும் உடனே திறந்து வைக்கிறது. முன்னது அளந்து வெட்டுவது, பின்னது கிழிப்பது. பின்னதை நாம் மனோபலத்தின் வெற்றியென்று புகழ்கிறோம். அப்புகழ்ச்சி பொருந்தாது என்பதே என் கருத்து. துணி கிழிவதற்குக் கையின் வலிமை பெரிதாக வேண்டியதில்லை. அது கிழியத்தக்கதாய் நெய்யப்பட்டிருக்க வேண்டும், கரையில் ஒரு வெட்டு விழ வேண்டும், அவ்வளவே. 1896 ஜூலையில், மதுரையில் சிறிய தந்தையார் வீட்டு மாடியில், மரண பயம் திடீரென்று பற்றி, உடல் போனாலும் போகாத ஒன்றைக் கண்டுகொண்ட பிறகு, அப்பிள்ளைக்குப் பாடமும் விளையாட்டும் தாமாகவே தளர்ந்து போயின. ஆகஸ்டு 29 அன்று, தண்டனையாக எழுத வேண்டியிருந்த ஆங்கில இலக்கணப் பாடத்தை ஒதுக்கி வைத்துக் கண்மூடி அமர்ந்துவிட்டவரைப் பார்த்து, இப்படி இருக்கிறவனுக்கு இவையெல்லாம் எதற்கு என்னும் பொருள்படத் தமையனார் கடிந்துகொண்டாரே, அதுதான் கரையில் விழுந்த வெட்டு. ஒரு சொல், மதுரை அதன்பின் அவரைப் பார்க்கவில்லை.

கிழித்தவர் துணியை வெறுத்தவரா என்றால், அதுவும் இல்லை. மலைக்குகையில் வாழ்ந்த நாட்களில் அவருடைய கோவணம் நைந்துபோயிற்று. ஊசியும் நூலும் கேட்டு யாரிடமும் போகாமல், ஒரு முள்ளில் துளையிட்டு ஊசியாக்கி, கோவணத்திலிருந்தே இழையை உருவி, அதைக் கொண்டே தைத்துக்கொண்டார் என்பது ஆசிரமத்தில் பலரும் அறிந்த செய்தி. காதற்ற ஊசியொன்று பட்டினத்தாரைச் செல்வத்தை உதறச் செய்ததாக நம் மரபு சொல்லும். இங்கோ துறந்தவரே ஊசிக்குக் காது செய்துகொண்டார். துறவியின் கையில் ஊசியைக் காண நம்மில் பலருக்கு ஏனோ கூச்சமாக இருக்கிறது!

கத்திரியின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. அதைத் தையற்காரரைக் கேட்டால் சொல்லிவிடுவார். கிழித்த துணி எப்போதும் நேர்கோட்டுத் துண்டாகவே கிடைக்கும்; அது துண்டாகும், வேட்டியாகும், கோவணமாகும், ஆனால் ஒருநாளும் சட்டையாகாது. கழுத்தும் அக்குளும் வளைவு கேட்கும் இடங்கள். அவற்றைக் கிழித்து எடுக்க எவராலும் இயலாது. மனைவி மக்களோடும் அண்டை அயலோடும் ஒட்டி வாழ்கிறவனுக்கு அளவெடுத்து, இழையைக் குறுக்கே அறுத்து, அறுத்ததை இன்னொன்றோடு பொருத்தித் தைக்கும் பொறுமை வேண்டும். பிரவிருத்தி மார்க்கம் என்று பெரியோர் சொன்னது அதைத்தான். வைதிகச் சடங்குக்குத் தைக்காத ஆடையை உடுத்துகிறோம் என்பதற்காகக் கத்திரியை அசுத்தம் என்று கருதுவது அறிவீனம். பின்னிய பனியன் துணியை இழுத்தால் அது கிழிவதற்குப் பதில் நீண்டு உருக்குலைகிறது; அதைக் கிழிக்க முயல்வது வைராக்கியம் ஆகாது, துணிக்குச் செய்யும் கேடு.

இதை மகரிஷி நன்றாக அறிந்திருந்தார். இல்லறத்தை விட்டுவிட அனுமதி கேட்டு வந்தவர்களை, விட வேண்டியது வீட்டையன்று, இல்லறத்தான் என்ற நினைப்பை என்று சொல்லித் திருப்பி அனுப்புவதே அவர் வழக்கம். தாமும் முறைப்படி சந்நியாசம் வாங்கிக்கொள்ளவில்லை. பிற்காலத்தில் வழக்கொன்றில் அவர் எந்த ஆசிரம நிலையில் உள்ளவர் என்று வினவப்பட்டபோது, நான்குக்கும் அப்பாற்பட்ட அதியாசிரமம் என்றே விடையளித்தார். 1950 ஏப்ரல் 14 அன்று உடலை நீத்தது வரையில் கோவணமே அவர் உடையாக இருந்தது.

உத்தியோகத்தையும் குடும்பத்தையும் உதறிவிட்டு இந்த மலையடிவாரத்தில் தங்கிவிடலாமா என்று ஆலோசனை கேட்கும் அன்பர்கள் இன்றும் உண்டு. அவர்களுக்குச் சொல்வது ஒன்றுதான்: விடலாமா என்று பிறரைக் கேட்கத் தோன்றுகிற வரையில், தயவுசெய்து ஊருக்குத் திரும்பிப் போங்கள்.