பிழையை யாரிடம் சொல்வது?

புனே மாவட்டத்துச் சாகணில் தொழிற்சாலைப் பணி புரியும் தமிழ் உபாசகர் ஒருவர் எமக்கு ஒரு வினா விடுத்துள்ளார். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து பின்னர்ப் பஞ்சசீலம் ஏற்றவர். தம் கவனக்குறைவால் பழுதான வேலைக்கு உடன்பணியாளர் ஒருவரைக் காரணமாகக் காட்டிவிட்டார். அவருக்கு வேலை போயிற்று. "முன்னாளில் பாவசங்கீர்த்தனம் செய்து சுவாமியாரிடம் பாவப்பொறுத்தல் பெற்றால் நெஞ்சு ஆறும். இப்போது தேகு ரோடு விகாரையில் சென்று அமர்கிறேன். பகவன் திருவுருவம் ஒன்றும் பேசவில்லை. யாரிடம் சொல்வேன்?" என்கிறார். டாக்டர் அம்பேத்கர் 1954 டிசம்பர் 25 அன்று பகவன் திருவுருவை நிறுவிய விகாரை அது.

இவ்வினாவை எள்ளி நகையாடுவோர் நம்மவருள்ளும் உண்டு. பாதிரியார் காதில் ஓதினால் பாவம் தீருமோ என்பர். அது நேர்மையன்று. 1215-ஆம் ஆண்டு நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் ஆண்டுக்கொருமுறையேனும் பாவசங்கீர்த்தனம் செய்யக் கட்டளையிட்டது. ஆயினும் மனஸ்தாபமும் கெடுத்ததை ஈடுசெய்தலும் வேண்டுமென்று அச்சபையும் போதிக்கின்றது. பிழையைப் பிறரிடம் உரைத்தல் நம் தருமத்திற்கு அயலானதுமன்று. உபோசத நாளில் பாதிமோக்கம் ஓதுமுன் பிக்கு தம் குற்றத்தை மற்றொரு பிக்குவிடம் வெளியிடல் வேண்டும். கேட்பவர் பாவத்தைப் போக்குவதில்லை. குற்றத்தைக் காண்கின்றீரா என வினவி, இனி அடங்கி நடக்கச் சொல்வதோடு அவர் கடமை முடிகின்றது. உடலாலும் சொல்லாலும் இழைத்த தீமையை ஆசானிடமோ அறிவுள்ள உடனுறைவோரிடமோ வெளியிடுமாறு பகவன் தம் மகன் இராகுலருக்குப் போதித்தார். துறவியரோடு உபாசகரும் கேட்கவேண்டுமென அசோகர் கல்லில் பொறித்த போதனைகளுள் பொய்யைப் பற்றிய இராகுலர் போதனையும் ஒன்று.

வேறுபாடு எங்கே எனில், அஜாதசத்துருவின் வரலாற்றைக் காண்க. தந்தை பிம்பிசாரனைக் கொன்ற அவ்வரசன் பகவன் முன் தன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். பகவன் அதனை ஏற்றார். குற்றத்தைக் குற்றமெனக் கண்டு திருந்துவது வளர்ச்சியே என்றார். அரசன் அகன்ற பின்னரோ, தந்தையைக் கொல்லாதிருந்தால் இவ்விருக்கையிலேயே தருமக்கண் பெற்றிருப்பான் என்று பிக்குகளிடம் கூறினார். ஒப்புதலை ஏற்றார், வினையை எடுத்துவிடவில்லை. எடுக்க அவராலும் இயலாது. பிம்பிசாரனோ இறந்துவிட்டான்; அரசன் சென்று மன்னிப்புக் கேட்க ஆளில்லை.

சாகண் அன்பருக்கு ஆள் உண்டு. நம்பத்தக்க தரும நண்பர் ஒருவரிடம் முதலில் சொல்லட்டும்; நா பழகும். பின்னர் வேலையிழந்தவரிடமே சொல்லட்டும். தொழிற்சாலை மேலாளருக்கும் உண்மையை எழுதட்டும். அதனால் தம் பிழைப்புக்கே இடர் வரக்கூடும். மனைவி மக்கள் உண்டென்று எழுதியிருக்கிறார். அதனை யாம் இலேசாக எண்ணவில்லை. இழந்தவருக்கும் குடும்பம் இருக்குமன்றோ? அவர் மன்னியாமல் ஏசவும் கூடும். அங்குலிமாலர் அருகதராகிய பின்னும் கல்லடி பட்டு இரத்தம் ஒழுக வந்து நின்றார். பொறுத்துக்கொள் என்றே பகவன் சொன்னார்.

கடிதத்தின் அடியில், அம்மனிதர் இப்போது இலாத்தூர்ப் பக்கம் தம் ஊரில் இருப்பதாக அன்பர் குறித்திருக்கிறார். எமக்கு அதனை எழுதவேண்டிய தேவையே இல்லை, ஆயினும் எழுதியிருக்கிறார்.