சிலந்தியும் யானையும், நடுவில் ஒரு பூனையும்



போன மாதம் சனிக்கிழமை சமய வகுப்பில் திருவானைக்கா கதையைப் பாதியிலேயே நிறுத்திவிட்டேன். "ஏன் அங்கிள், மறந்துட்டீங்களா?" என்று ஒரு தங்கச்சி கேட்டாள். மறக்கவில்லை. அதற்குப் பதில்தான் இது.

நான் மாலை கட்டுகிறவன். 22 வருடமாக அதுதான் சோறு போடுகிறது. கடையில் என்னோடு ஒரு தம்பி வேலை செய்கிறான், எஸ்.பி.எம். முடித்தவன். பசார் சாக்கடையில் கிடந்த பூனைக்குட்டி ஒன்றைத் தூக்கி வந்து கடையிலேயே வளர்த்தான். எலி வராதே என்று நானும் விட்டுவிட்டேன். பெயர் வெள்ளையன், நிறம் என்னவோ சாம்பல்.

பங்குனி உத்திரத்துக்கு முதல் நாள். முருகனுக்கு ஆளுயர மாலை ஒன்று கட்டித் தரவேண்டும். விடியற்காலை 4 மணிக்கே உட்கார்ந்தோம். கேமரன் மலைச் சாமந்தி, நடுநடுவே ரோஜா, ஓரத்தில் துளசி. இந்த வேலையில் நூலை ஒரே சீராக இழுத்து இறுக்கவேண்டும். ஓர் இடத்தில் தளர்ந்தாலும் சாமி தோளில் ஏறும்போது பூ உதிர்ந்து மானம் போய்விடும். 10 மணிக்கு மாலை முடிகிற நேரம். ஆணியில் மாட்டிவிட்டு ஒரு தே தாரிக் குடிக்கப் போனேன்.

திரும்பி வந்து பார்த்தால் மாலை தரையில் கிடக்குது. வாளி கவிழ்ந்து ரோஜா இதழெல்லாம் தண்ணியில் மிதக்குது. வெள்ளையன் மல்லாந்து படுத்து, குஞ்சத்தைக் கட்டிப்பிடிச்சுப் பின்னங்காலால உதைச்சுகிட்டு இருக்கான். நூல் முனை அவன் வாயில். தரையில் விழுந்து மிதிபட்ட பூ சாமிக்கு ஆகாது. ஆறு மணி நேர வேலை போச்சு.

கையில் கிடைத்தது பித்தளைச் சொம்பு. எறிந்தேன். அதன் காலில் பட்டது. அது கத்திய கத்தலில் தம்பி பின்கட்டிலிருந்து ஓடி வந்தான். "சாமி மாலைடா இது! இந்தச் சனியனைத் தூக்கிட்டு நீயும் போ, இனிமே கடை வாசலை மிதிக்காதே!" என்றேன். அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. பூனையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டான். 4 மணியிலிருந்து என்னோடு உட்கார்ந்து பூ எடுத்துக் கொடுத்த பிள்ளை. காலையில் பசியாறக்கூட இல்லை.

பக்கத்துக் கடை அக்கா பூ கொடுத்து உதவினார். எப்படியோ கட்டி முடித்து, சாயங்காலம் 6 மணிக்குக் கோயிலில் கொடுத்துவிட்டேன். குருக்கள் சாத்தித் தீபம் காட்டினார். கை கூப்பினேன். முகத்தைப் பார்க்கத்தான் முடியவில்லை.

அந்த வாரச் சனிக்கிழமைதான் உங்களுக்குத் திருவானைக்கா கதை. கதை உங்களுக்குத் தெரியும். வெண்ணாவல் மரத்தடியில் சிவலிங்கம். சருகு விழக்கூடாது என்று மேலே வலை பின்னுகிறது சிலந்தி. துதிக்கையில் நீர் கொண்டுவந்து அபிஷேகம் செய்கிற யானைக்கு அந்த வலை அழுக்காகத் தெரிகிறது. தினமும் பிய்த்துப் போடுகிறது. சிலந்தி மறுபடி பின்னுகிறது.

இத்தனை வருடமாக இந்தக் கதையைச் சிலந்தி பக்கமிருந்தே சொல்லியிருக்கிறேன். நானும் நூல்காரன் ஆயிற்றே! கோபம் தாங்காமல் சிலந்தி துதிக்கைக்குள் புகுந்து கடித்தது, யானை தும்பிக்கையை நிலத்தில் அடித்து அடித்துச் செத்தது, சிலந்தியும் செத்தது. அந்த இடம் வந்ததும் அன்றைக்கு எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. சொம்பு விழுந்த சத்தம்தான் காதில் கேட்டது.

தல புராணத்தில் இதற்கு முன்கதை ஒன்று உண்டு. இவர்கள் இருவரும் முன்பு கயிலாயத்தில் சிவகணங்கள்: மாலியவான், புட்பதந்தன். "நான் செய்கிற தொண்டுதான் பெரிசு" என்று சண்டை பிடித்து, ஒருவரையொருவர் சபித்துத்தான் சிலந்தியும் யானையுமாகப் பிறந்தார்கள். சண்டை பொன்னுக்கோ பொருளுக்கோ இல்லை, தொண்டுக்கு!

தம்பிகளே, கோபத்திலேயே அடக்கமுடியாதது இதுதான். நமக்காகக் கோபப்பட்டால் கொஞ்சமாவது வெட்கம் வரும். சாமிக்காக என்று சொல்லிக் கோபப்படும்போது அந்த வெட்கமும் போய்விடுகிறது. திருவிழா நேரத்தில் நம் கோயில் அடுப்படியைப் போய்ப் பாருங்கள். அன்னதான அண்டாவுக்குப் பக்கத்திலேயே என்ன சண்டை! செயற்குழு டீசட்டை நிறத்துக்காக மூன்று மாதம் பேசாமல் இருந்தவர்களை எனக்குத் தெரியும். (யார் என்று கேட்காதீர்கள், இதைப் படிப்பார்கள்.) நான் அன்றைக்குச் சொம்பை எறிந்தபோதும் "சாமி மாலை" என்றுதான் கத்தினேன். உண்மையில் போனது என் ஆறு மணி நேரம், என் கைவேலை, என் பெயர். முருகன் பெயரைச் சும்மா இழுத்துவிட்டேன்.

பூனைக்கு நூலைக் கண்டால் பாய்வது பிறவிக் குணம். அது சாமி மாலையா, பொங்கல் தோரணமா என்று அதற்கு யார் சொல்லிக் கொடுத்தது?

வகுப்பு முடிந்ததும் நேராகத் தம்பியின் பிளாட்டுக்குப் போனேன். கிரில் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றான், திறக்கவில்லை. பூனை அவன் காலடியில் நொண்டிக்கொண்டு நின்றது. "தப்பு என் மேலதான்டா தம்பி," என்றேன். "பரவால்லண்ணே," என்றான். அந்தப் 'பரவால்ல'வில் ஒன்றும் பரவாயில்லை என்று எனக்குத் தெரிந்தது. திங்கள் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. வியாழக்கிழமை விடியற்காலை, நான் தனியாகப் பூ பிரித்துக்கொண்டிருந்தபோது ஷட்டரைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தான். முதுகுப் பையிலிருந்து ஒரு சாம்பல் தலை எட்டிப் பார்த்தது.

கதையின் மீதியை வரும் சனிக்கிழமை சொல்கிறேன். அந்தச் சிலந்தி கோச்செங்கட் சோழராகப் பிறந்து, நாயன்மாராகி, யானை ஏற முடியாதபடி உயர உயரமாக மாடக்கோயில்கள் கட்டியதாகச் சொல்வார்கள். நானும் கடையில் மாலை மாட்டுகிற ஆணியை இரண்டு அடி மேலே ஏற்றி அடித்திருக்கிறேன். தம்பிதான் முக்காலியைப் பிடித்துக்கொண்டான்.