விஷாதத்தைக் கேட்ட செவி

குருக்ஷேத்திரத்தில் அர்ஜுனனின் கையிலிருந்து காண்டீபம் நழுவியது. உடல் நடுங்கிற்று, வாய் உலர்ந்தது. ஆயுதமின்றி நிற்கும் தன்னைக் கௌரவர்கள் கொன்றுபோட்டாலும் அதுவே நலம் என்று கூறுமளவுக்கு அவன் தளர்ந்துவிட்டான். அந்தப் புலம்பல் முடியும்வரை பகவான் குறுக்கே ஒரு சொல்லும் கூறவில்லை. மனம் ஒடிந்தவனின் பேச்சு ஓர் அத்தியாயமாகவே வைக்கப்பட்டு, அதற்கு 'அர்ஜுன விஷாத யோகம்' என்ற பெயரும் அமைந்தது.

கொரோனாப் பெருந்தொற்றுக் காலத்தில் இவ்வாறு கேட்கும் செவி எத்தனை பேருக்குக் கிடைத்தது? 2020 மார்ச் 25 அன்று நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியது. பெங்களூரில் பீன்யா பட்டறைகளும் ஆயத்த ஆடை ஆலைகளும் அடங்கின. அம்மாத இறுதிக்குள்ளாகவே, அந்நகரின் 'நிம்ஹான்ஸ்' மனநல நிறுவனம் தொலைபேசி வழியே மக்களின் துயரைக் கேட்கத் தொடங்கியது. தொற்றுக்கு மருந்து தேடிய நாட்களிலேயே தனிமைக்கும் மருந்து தேவை என்பதை மருத்துவர்கள் உணர்ந்திருந்தனர்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, நாட்டில் தற்கொலையால் இறந்தோர் 2019இல் 1,39,123 பேர், 2020இல் 1,53,052, 2021இல் 1,64,033. பெங்களூரில் மட்டும் 2021இல் 2,292 பேர். அவ்வாண்டு நாடு முழுவதிலும் இவ்வாறு இறந்தோரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் தினக்கூலித் தொழிலாளி. தொற்று ஒன்றையே காரணமாகக் கூறிவிடவும் இயலாது. எண்ணிக்கை அதற்கு முன்பே ஏறத் தொடங்கியிருந்தது, 2022இலும் ஏறியது. குடும்பப் பிரச்சினையும் நோயுமே காரணங்களுள் முதலிடம் பெற்றன. பெரும்பாலும் வசதி மிக்க 21 நாடுகளை ஆராய்ந்தபோது, தொற்றின் முதல் சில மாதங்களில் அங்கெல்லாம் பொதுவாக ஏற்றம் தென்படவில்லை. ஜப்பானிலோ 2020இன் பிற்பகுதியில், குறிப்பாகப் பெண்களிடையே, எண்ணிக்கை கூடியது. பேராபத்தின்போது ஒருவரையொருவர் பற்றிக்கொள்ளும் மனிதர், அது நீடிக்கும்போது அவரவர் கடனோடும் கவலையோடும் தனித்துவிடப்படுகின்றனர் போலும்.

இவ்வாறு இறந்தவர் வீட்டுக்குத் துக்கம் கேட்கச் செல்லும் ஆஸ்திகர் சிலர், ஈசாவாஸ்ய உபநிஷதத்தின் மூன்றாம் மந்திரத்தைக் காட்டி, ஆத்மஹத்தி செய்தவர் இருளுலகு செல்வர் என்கின்றனர். அழுதுகொண்டிருக்கும் தாயிடம் கூறத்தக்க வார்த்தையா இது? ஆதிசங்கரர் அம்மந்திரத்துக்கு அவ்வாறு பொருள் கொள்ளவுமில்லை. ஆத்ம சொரூபத்தை அறியாத அனைவரையுமே அச்சொல் குறிக்கிறது என்பது அவரது பாஷ்யம். அந்தக் கணக்கில் தீர்ப்புக் கூறுபவரும் தப்பமாட்டார். நாட்டின் சட்டமும் இன்று கனிந்திருக்கிறது. உயிரை விட முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும் என்கிறது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம்.

வேலை இழந்த மைத்துனர், கதவைச் சாத்திக்கொள்ளும் கல்லூரி மாணவி, கணவரைத் தொற்றுக்குப் பறிகொடுத்த அண்டை வீட்டு அம்மையார் ஆகியோரிடம், "உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?" என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அவ்வெண்ணம் புதிதாக முளைத்துவிடாது. பலருக்கு அது ஆறுதலாகவே அமையும் என்பது மருத்துவர்களின் அனுபவம். உடனே உபதேசம் வேண்டாம். அவர் பேசட்டும், அபாயம் தெரிந்தால் தனியே விடாமல் உடனிருந்து மருத்துவரிடம் அழைத்துச் செல்லலாம். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட 'டெலி மானஸ்' சேவைக்கு நிம்ஹான்ஸே தலைமை மையம். 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும், கட்டணமின்றி, தமிழிலும் பேசலாம்.