டன்ஸ் என்னும் வசைச்சொல்

மந்தபுத்திக்காரனை ‘டன்ஸ்’ என்று இகழ்வது ஆங்கிலத்தில் பழைய வழக்கு. இடைக்கால ஐரோப்பாவின் மிகக் கூர்மையான சிந்தனையாளர் ஒருவரின் பெயரிலிருந்து பிறந்த வசை இது. ஜான் டன்ஸ் ஸ்கோட்டஸ் என்ற பிரான்சிஸ்கன் துறவி 1266 வாக்கில் ஸ்காட்லாந்தில் பிறந்தார். பெயரிலுள்ள டன்ஸ், அவருடைய ஊர். ஆக்ஸ்போர்டிலும் பாரிசிலும் இறையியல் கற்பித்து, 1308இல் கொலோன் நகரில் காலமானார். ‘நுண்மதி ஆசான்’ என்பது கல்வியுலகம் அவருக்கு அளித்த பட்டம்.

அந்த நுட்பத்துக்குச் சான்றாக ஒரு வாதம் போதும். இயேசுவின் தாய் மரியா, கருவான கணம் முதலே ஜென்மப்பாவம் இல்லாதவரா? அப்படியானால் அவருக்கு மீட்பரே தேவைப்படவில்லை என்றாகிவிடுமே என்று தாமஸ் அக்குவினாஸ் போன்ற இறையியலாளர்கள் தயங்கினர். பாவத்தில் விழுந்தவரைத் தூக்கிவிடுவதைவிட விழாமலே காப்பது மேலான மீட்பு. ஆகவே மரியா கிறிஸ்துவுக்கு மற்றவர்களைவிட அதிகமாகவே கடன்பட்டவர் என்றார் ஸ்கோட்டஸ். தடையாக நின்ற காரணத்தையே ஆதாரமாக மாற்றிய வாதம் இது.

அவர் வழிவந்தோர் ‘டன்ஸ்மென்’ எனப்பட்டனர். 16ஆம் நூற்றாண்டில் மறுமலர்ச்சி அறிஞர்களும் சீர்திருத்தக் கிறிஸ்தவர்களும் பழைய தர்க்க முறையைத் தாக்கியபோது, புதிய கல்வியை எதிர்த்த பிடிவாதக்காரர், வெறும் சொற்சிலம்பம் ஆடுபவர் என்ற பொருள் அப்பெயரில் ஏறியது. 1535இல் இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் ஆணையாளர்கள் ஆக்ஸ்போர்டுக்கு வந்தபின், அங்குள்ள நியூ காலேஜ் முற்றத்தில் ஸ்கோட்டஸ் நூல்களின் கிழிந்த தாள்கள் காற்றில் பறந்தன. அதை வெற்றிச் செய்தியாகவே மன்னரின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல்லுக்கு எழுதினார்கள். நாளடைவில் பிடிவாதம் என்ற பொருள் தேய்ந்து, படிப்பு ஏறாதவன் என்பதே நிலைத்தது. பள்ளியில் மக்குப் பிள்ளையின் தலையில் வைத்த கூம்புத் தொப்பிக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது.

எதிர்த்தவர்கள் சொன்ன குறையில் ஓரளவு நியாயம் உண்டு. ஸ்கோட்டஸின் லத்தீன் கரடுமுரடானது. நாற்பதைச் சற்றே தாண்டிய வயதில் இறந்ததால் பல நூல்கள் முற்றுப்பெறவில்லை. ஆனால் கடினம் வேறு, மடமை வேறு. தோற்ற தரப்பை வாதத்தால் மறுக்காமல் பெயரால் இழிவுபடுத்தியது அநீதியே. மரியாவைப் பற்றிய அவருடைய நிலைப்பாட்டை 1854இல் போப் ஒன்பதாம் பயஸ் திருச்சபையின் கோட்பாடாக அறிவித்தார். தமிழ்க் கத்தோலிக்கர் அதை அமலோற்பவம் என்பர். 1993இல் போப் இரண்டாம் ஜான் பால், ஸ்கோட்டஸை முத்திப்பேறு பெற்றவர் வரிசையில் சேர்த்தார்.