ஓரறிவும் ஒரு கொக்கியும்

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறுவோருக்கு முதலில் எதிர்ப்படும் ஊர் ரிங்லெட். அதன் பக்கத்தில்தான் ஜே. ஏ. ரஸ்ஸல் 1929-இல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அங்கே கொழுந்து கிள்ளிய கைகளில் தமிழர் கைகள் ஏராளம். விட்டால் மரமாகிவிடும் தேயிலையை இடுப்பளவில் நிறுத்தி வைப்பது கவாத்துக் கத்தி. கவாத்து முடிந்து வெறுங்குச்சியாக நிற்கும் சரிவைப் பார்த்தால், உயிருள்ள ஒன்றை வெட்டி வெட்டி வளர்ப்பது பரிவா, வன்முறையா என்ற கேள்வி எழுகிறது.

தமிழில் இது பழைய கேள்வி. புல்லுக்கும் மரத்துக்கும் ஓரறிவு உண்டு, அது உடம்பால் அறியும் தொடு உணர்வு என்கிறது தொல்காப்பிய மரபியல். சமணரும் தாவரத்தை ஓரறிவு உயிராகவே எண்ணினர். வள்ளலார் ஜீவகாருண்ய ஒழுக்கத்தில் தாமே ஒரு தடையை எழுப்புகிறார்: தாவரமும் உயிரென்றால் அதை உண்பது பாவமாகாதா? வித்து, காய், கனி, பூ, தழை ஆகியவற்றைக் கொள்ளலாம். ஆனால் செடியின் உயிருள்ள முதலை அழிக்கலாகாது என்பது அவர் விடை. நகமும் உரோமமும் களைவது நமக்குத் துன்பம் தராததை அதற்குச் சான்றாகக் காட்டுகிறார். அந்த அளவுகோலில் கவாத்து தேறிவிடுகிறது. வேரும் தண்டும் பிழைத்து மறுபடி துளிர்க்கின்றன.

ஆனால் எல்லாச் செடிக்கும் அந்த அளவுகோல் போதுமா? மனோரஞ்சிதத்தைப் பார்க்க வேண்டும்.

சீத்தாப்பழக் குடும்பத்தைச் சேர்ந்த, என்றும் பசுமை மாறாத இந்தப் புதர், தாங்கல் கிடைத்தால் கொடியாகி ஏறும். மஞ்சளாகப் பூத்து மணக்கும் கெனாங்காவோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கெனாங்கா மரம், அதன் இதழ்கள் மெலிந்து நீண்டு தொங்கும். மனோரஞ்சிதத்தின் ஆறு இதழ்களும் தடித்தவை. பூ முதலில் பச்சையாக இலைக்குள் மறைந்திருக்கும். மஞ்சளாகும்போது பழவாசனை அதைக் காட்டிக்கொடுத்துவிடும். ஐயமற அறிய, பூக்காம்பைப் பார்த்தால் போதும். அது கொக்கியாக வளைந்திருக்கும். அந்தக் கொக்கி ஒரு கிளையில் மாட்டியதும் தடித்து இறுகுகிறது. எதையும் தொடாத கொக்கி மெலிந்தே இருக்கிறது.

எத்தனை வியப்பான ஓரறிவு! கொடிகளின் அசைவைப் பற்றி 1865-இல் தனி ஆய்வே எழுதிய சார்லஸ் டார்வின், பற்றுக்கம்பிகள் தொடுகைக்கு வளைவதை விரிவாகப் பதிந்தார். இந்தத் தொடுகை அறிவைத் துன்பமறியும் உணர்வு என்று சொல்லிவிட முடியாது, செடிக்கு நரம்பில்லை. ஆயினும் கொடியின் வாழ்வு தொடுகையில் நிற்கிறது. ஆகவே அதற்கு முதல் என்பது வேர் மட்டுமன்று, பற்றுக்கோடும்தான். பறம்பு மலையில், இன்றைய பிரான்மலையில், முல்லைக்குத் தேரீந்த பாரியின் செயலைக் கொடைமடம் என்று சொல்வோர் சொல்லட்டும். கொழுகொம்பில்லாமல் கொடிக்கு வாழ்வில்லை என்ற தெளிவு அவனிடம் இருந்தது.

மனோரஞ்சிதம் வெப்பநிலத்துச் செடி; மலைக்குளிரில் வளர்ச்சி மந்தமாகும். நல்ல வெயிலும் நீர் தேங்காத மண்ணும் உறுதியான பந்தலும் வேண்டும். மஞ்சளான பூவைப் பூசைக்குத் தாராளமாகப் பறிக்கலாம். பூத்து ஓய்ந்தபின் காய்ந்த, பின்னிய கிளைகளைக் கழிக்கலாம். பந்தலைப் பழுதுபார்க்க நேரும்போது கொடியை இழுத்துப் பிய்க்காதிருப்பது முக்கியம். இறுகிய கொக்கி விடாது, தண்டுதான் கிழியும். கொக்கி பிடித்திருக்கும் பந்தல் குச்சியை மட்டும் நறுக்கி, அந்தக் குச்சியோடு கொடியை அப்படியே புதுப் பந்தலில் சாய்த்துக் கட்டினால் அது பிழைக்கும்.