எதுவரை காத்திருப்பது?

பிரஸ்ஸல்ஸ் ஸ்ப்ரவுட்ஸ் எனப்படும் களைக்கோசுக்கு உப்புக்காற்று புதிதல்ல. முட்டைக்கோசு, காலிஃபிளவர், நூக்கல், களைக்கோசு எல்லாம் ஒரே இனம். அவற்றின் காட்டு வடிவம் மேற்கு ஐரோப்பாவின் கடலோரப் பாறைச் சரிவுகளில் இன்றும் தானாக முளைத்து நிற்கிறது. தூத்துக்குடி மொட்டைமாடியில் வைத்துப் பார்க்கலாம் என்ற துணிச்சல் எனக்கு அப்படித்தான் வந்தது. இல்லாதது குளிர் மட்டும்தான். பதினைந்து முதல் பதினெட்டு டிகிரி வரை அதற்குத் தோதான சூடு. உறைபனி பட்டால் ருசி இன்னும் கூடும். நமக்கோ மார்கழி இரவில்கூட 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். 1845-ல் ஊட்டியில் இருந்த ஐரோப்பியர்கள் சந்தா போட்டுக் காய்கறித் தோட்டம் ஒன்றை ஆரம்பித்தார்கள். இன்றைய தாவரவியல் பூங்காவுக்கு அதுதான் பிள்ளையார்சுழி. அவர்களுக்குக் குளிர் வாசலிலேயே இருந்தது.

புரட்டாசிக் கடைசியில் மண் நிரப்பிய பைகளில் விதைத்தேன். ஐப்பசி மழையில் நாற்றுகள் கிடுகிடுவென எழுந்தன. நீலம் பாய்ந்த இலைகள், மேலே மெழுகு பூசியதுபோல் ஒரு பூச்சு. மழைத்துளி ஒட்டாமல் உருண்டோடும். புழுவுக்கு வேப்பெண்ணெய்க் கரைசல் போதுமாயிருந்தது. கார்த்திகையில் ஒவ்வொரு இலைக்காம்பின் கக்கத்திலும் ஒரு மொட்டு தலைகாட்டியது. அந்த மொட்டுதான் இறுகி, உருண்டு, குட்டிக்கோசாக வேண்டும். அடியிலிருந்து மேலே வரிசையாக முற்றும். பொங்கல் வந்தபோது அடிமொட்டுகள் சுண்டைக்காய் அளவில் இருந்தன. அதற்குப் பிறகு அவை அசையவில்லை.

காத்திருந்தேன். பொறுத்தார் பூமி ஆள்வார் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பொறுமையை அவ்வளவு புகழ்ந்ததில், எதுவரை பொறுப்பது என்று கேட்பதே குற்றம்போல ஆகிவிட்டது.

பக்கத்து வீட்டுப் பெரியவர் சங்கு குளித்தவர். இளவட்டமாக 1961 சலாபத்தையும் பார்த்தவர். நம் கரையில் அதுதான் கடைசி முத்துக்குளிப்பு. செடியைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "டீச்சர், ஒண்ண அறுத்துப் பாத்தியளா?" என்றார்.

முத்துக்கரைக்காரர் கேட்கக்கூடிய கேள்விதான். கடலுக்கடிப் பாறைத்திட்டான பாரில் சிப்பி கிடக்கிறது என்பதற்காக அந்தக் காலத்தில் யாரும் உடனே குளித்துவிட முடியாது. முதலில் அரசு ஆட்கள் போய்ப் பாரைச் சோதிப்பார்கள். மாதிரிக்குச் சிப்பி எடுத்து, அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்தை வியாபாரிகளிடம் காட்டி மதிப்புப் போடுவார்கள். தேறினால்தான் சலாபம் அறிவிப்பார்கள். இளஞ்சிப்பி என்றால் விட்டுவிட்டு வருவார்கள். நாலு வயதாவது ஆக வேண்டும். ஆனால் முத்து பெருக்கட்டும் என்று விட்டுக்கொண்டே போகவும் முடியாது. ஆறேழு வயதில் சிப்பி தானே செத்துப்போகும், முத்து மணலோடு போகும். அவசரத்திலும் நஷ்டம், பொறுமையிலும் நஷ்டம். சலாபமே இல்லாமல் இருபது வருஷத்துக்கு மேல் கழிந்த காலமும் இந்தக் கரைக்கு உண்டு. அப்போதும் பாரைப் போய்ப் பார்ப்பதை நிறுத்தவில்லை. காத்திருப்பது ஒரு வேலையாக இருந்தது. நடுநடுவே சிப்பியைத் திறந்தாக வேண்டும்.

ஒரு மொட்டை அறுத்தேன். இறுகிய கோசில் இலைகள் ஒன்றன்மேல் ஒன்று இடைவெளியின்றி அடுக்கியிருக்கும். இதிலோ நடுத்தண்டு நீண்டு, இலைகள் தனித்தனியாக விலகி நின்றன. வெயிலில் மொட்டு உருளாது, கிளையாக ஓடப் பார்க்கும். இன்னொன்றை அறுத்தேன், அதுவும் அப்படியே. இனி வெயில் ஏறப்போகும் மாதங்கள்.

வாழ்க்கையில் அறுத்துப் பார்ப்பதுதான் கடினம். அரசுத் தேர்வுக்கு ஆண்டுக்கணக்கில் படிக்கும் பிள்ளை எங்கள் பக்கம் எத்தனையோ வீட்டில் உண்டு. "அடுத்த தடவை கெடச்சிரும்" என்று தாய் சொல்கிறாள். எந்தத் தாளில் எத்தனை மார்க் குறைந்தது, போன முறையைவிட ஏறியதா இறங்கியதா என்று யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை. பார்த்தால் பிள்ளை மனசு விட்டுப்போகுமோ என்ற பயம். பாசத்தில் வரும் பயம்தான், ஆனால் அதற்குள் பிள்ளைக்கு முப்பது வயதாகிவிடுகிறது. மார்க் வருஷாவருஷம் ஏறிக்கொண்டிருக்கும் பிள்ளையோ, சொந்தக்காரர் பேச்சுக்குப் பயந்து பாதியில் படிப்பை விடுகிறான். இளஞ்சிப்பியை அள்ளியதற்குச் சமம் அது. பார்த்திருந்தால் இரண்டு பேரும் தப்பித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். வெளிநாட்டுக்குப் போனவரின் போனுக்காக, முறிந்த உறவு ஒட்டும் என்பதற்காகக் காத்திருப்பவர்களிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனாலும் அவர்களுக்கும் இந்த அறுத்துப் பார்ப்பது வேண்டும் என்றே தோன்றுகிறது.

தை முடியுமுன் செடிகளைப் பிடுங்கிவிட்டேன். இளம் இலைகளை நறுக்கி, பாசிப்பருப்பும் தேங்காய்ப்பூவும் போட்டுக் கூட்டு வைத்தேன். லேசான கசப்பு, கடுகின் காரவாசம். பெரியவர் வீட்டுக்கும் ஒரு கிண்ணம் போனது. மண் நன்றாகவே இருந்தது. கொஞ்சம் சாணியெரு கலந்து அதே பைகளில் வெண்டை போட்டிருக்கிறேன். மாசி வெயில் அதற்குத் தோது.